ஆவாரம்பட்டையும் தோலில் எழுந்த மணிவரியும்

காளையின் கழுத்துப் பட்டையிலோ, வண்டிக்காரரின் இடைவாரிலோ, திருவிழாவுக்கென்று சொல்லிச் செய்வித்துக்கொண்ட தோற்செருப்பின் விளிம்பிலோ, நுண்ணிய மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்தாற்போலப் புடைத்து ஓடுகின்ற அலங்கார வரியைக் காண்பவர், அதனை இழைத்த கையின் நிதானத்தை வியப்பர்; உளியின் நுனியைப் புகழ்வர்; ஆனால் அவ்வரி ஆண்டுக்கணக்கில் அழியாமல் நிற்பதற்கு ஆதாரமாக அந்தத் தோலின் இழைதோறும் ஊறியிருக்கின்ற மரப்பட்டைச் சாற்றின் துவர்ப்பை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. தமிழ்நாட்டில் அத்துவர்ப்பை நெடுங்காலம் வழங்கிவந்தது ஆவாரை. தருமபுரி மாவட்டத்தின் செம்மண் மேடுகளிலும் பாறைச் சரிவுகளிலும், வானம் பொய்த்த ஆண்டுகளிற்கூட மஞ்சள் பூக்களைச் சொரிந்துகொண்டு நிற்கும் அந்தக் குறுஞ்செடியை விட்டுவிட்டு, நம் நாட்டுத் தோல் அலங்காரத்தின் சரித்திரத்தை எழுதிவிட முடியாது என்பது என் துணிபு.

வேலையின் இயல்பை முதலிற் சொல்லிவிட வேண்டும். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலைத் தண்ணீரில் நனைத்து, ஈரம் மேலே நில்லாமல் உள்ளே இறங்கி, நனைந்த கருமை மாறித் தோல் தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்குகின்ற பக்குவத்தில் அதனைக் கல்லின்மேலோ கெட்டியான மரக்கட்டையின்மேலோ விரிக்கிறார்கள். கவராயத்தின் ஒரு காலை விளிம்போடு ஒட்டி இழுக்க, மறுகால் விளிம்புக்கு இணையாகக் கோடு கீறிச் செல்லும். அகலத்தைச் சற்றே மாற்றி இன்னொரு முறை இழுத்தால் இரண்டாவது கோடும் வந்துவிடும். அக்கோடுகளின்மேல் கத்தி நுனியை மேலீடாக ஓட்டி, கீறலை மழுங்கிய இரும்பு முனையால் அழுத்தி இறக்க, இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய வரப்பு எழுகிறது. நுனியிற் குழிவுடைய சிற்றுளியை அவ்வரப்பின்மேல் நிறுத்திக் கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால், குழிவுக்குள் அகப்பட்ட தோல் உருண்டு ஒரு மணியாகிறது; அதன் தோளை ஒட்டி அடுத்த தட்டு, அதனை ஒட்டி அதற்கடுத்தது. தட்டு ஓங்கிவிட்டால் உளியின் விளிம்பு தோலை வெட்டிவிடும். மெலிந்துவிட்டால் மணி உருளாது. இடைவெளி ஓரிடத்தில் பிசகினால், வரி முழுவதும் அப்பிசகைச் சுற்றியே கண்ணை இழுக்கும். மூலையில் வரி திரும்புகின்றபோது ஒரு மணி சரியாக முனையில் வந்து அமையும்படி பத்து மணிகளுக்கு முன்பிருந்தே இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியாதபடி நெருக்கியோ நெகிழ்த்தியோ கொண்டுவருவதுதான் இத்தொழிலின் உயர்ந்த வித்தை. இதற்கான உளியைக் கடையில் வாங்க வேண்டுமென்பதில்லை. ஓர் இரும்பாணியின் முனையை அராவிச் சமனாக்கி, நடுவே குழித்து, விளிம்பை மழுக்கிக் கொண்டாலே போதும்.

இப்படி எழுப்பிய மணி ஏன் தணிந்துவிடுவதில்லை என்பதுதான் கேள்வி. பச்சைத் தோல் என்பது நுண்ணிய இழைகளின் பின்னல். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் அவ்விழைகளைப் பற்றிக்கொண்டு, அவற்றின் இடைவெளிகளையும் நிரப்பிவிடுகிறது. அவ்வாறு நிறைந்த தோல் ஈரத்தில் இளகி, அழுத்திய வடிவத்தை ஏற்று, உலரும்போது அவ்வடிவத்திலேயே இறுகுகிறது. மழைக்காலத்துக் களிமண்ணில் பதிந்த குளம்புத் தடம் வெயிலிற் காய்ந்து கெட்டிப்படுவதைப் போல. துவர் ஏறாத தோலுக்கு இந்தக் குணம் கிடையாது. துவருக்குப் பதிலாக உலோக உப்பு ஏறிய தோலுக்கும் கிடையாது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்னால் வரும் சரித்திரம் முழுவதும் தானே விளங்கும்.

துவர் ஏறாத பச்சைத்தோல் இந்த மாவட்டத்துக்குப் புதிதன்று. ஒகேனக்கல்லில் காவிரியைக் கடக்கும் பரிசல், இன்று பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பூசிக்கொண்டு மிதந்தாலும், முற்காலத்தில் மூங்கிற் சட்டத்தின்மேல் எருமைத் தோலைப் போர்த்துக் கட்டியதே. பறையும் உடுக்கையும் பதனிடாத தோலாலேயே முழங்கின. இத்தகைய தோலில் உளியால் அழுத்தி மணி எழுப்ப முயல்வது வீண். அது நனைந்தால் தொய்யும், காய்ந்தால் விறைக்கும். ஆகையால் பச்சைத்தோலை அலங்கரிக்க விரும்பியவர்கள் அழுத்துவதை விட்டுத் துளைப்பதை மேற்கொண்டார்கள். பாவைக்கூத்துக் கலைஞரின் கைத்திறன் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆந்திரத்தில் தர்மாவரத்தை அடுத்த நிம்மலகுண்டாவில், ஒளி ஊடுருவும்படி சுரண்டிய ஆட்டுத்தோலில் இராமனுக்கும் சீதைக்கும் ஆரமும் கடகமும் பூட்டுகிறவர்கள், ஒவ்வொரு முத்தையும் ஒவ்வொரு துளையாகவே குத்துகிறார்கள். பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தை நிழலாட்டமாக நிகழ்த்துகின்ற தோற்பாவைக் கூத்திலும் அவ்வாறே. விளக்கு பின்னே எரிய, துளைகளின் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்து திரையில் மணிவரிசையாகிறது. செருப்பின் விளிம்பில் மேடாக நிற்பது இங்கே வெற்றிடமாக ஒளிர்கிறது. ஒரே வரி, தோலின் நிலைமைக்கேற்ப இரண்டு அவதாரம் எடுத்திருக்கிறது என்று சொல்லலாம்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதும், அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரம் அதுவே என்பதும், அவனைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்று 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழியைப் பெற்றான் என்பதும் தமிழ் கற்றவர் அறிந்த செய்திகள். அச்சேரனுடைய முரசு கட்டிலில், அது முரசுக்குரிய இடமென்று அறியாமல் மோசிகீரனார் என்னும் புலவர் படுத்துறங்கிவிட, வாளை எடுக்க வேண்டிய மன்னன் சாமரம் எடுத்து வீசிய கதையைப் புறநானூறு சொல்கிறது. அந்தச் செய்யுளில் மன்னனின் பெருந்தன்மையையே எல்லோரும் பார்க்கிறோம். அங்கே முரசைப் பற்றிய வருணனையும் இருக்கிறது. இழுத்து விசித்த வார்களும், மயிற்பீலியும், மணியும் பூவும் சேர்ந்த தாரும் அம்முரசை அணிசெய்தன. தோலும் வாரும் அரசின் மானத்தோடு ஒன்றாக வைத்து எண்ணப்பட்ட காலம் அது. அந்த வாரை வளைத்து விசித்தவனின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அதற்குப் பின்வந்த நூற்றாண்டுகளிலும் இப்பிராந்தியத்தின் செல்வம் மாடுதான். தருமபுரி, செங்கம் பகுதிகளில் எண்ணற்றுக் கிடைத்திருக்கும் நடுகற்களைப் படித்தால், தொறு என்னும் ஆநிரையை மீட்டும் கவர்ந்தும் பட்ட வீரர்களின் வரிசையைக் காணலாம். ஆநிரைக்காக உயிரை விட்ட சமூகம் இது. ஒகேனக்கல்லை அடுத்த காவிரிக்கரை ஊராகிய ஆலம்பாடியின் பெயரையே தாங்கி நிற்கும் ஆலம்பாடி மாட்டினம், உழவுக்கும் பாரவண்டிக்கும் பேர்பெற்றது. மாடு செழித்த நாட்டில் மாடு இறப்பதும் உண்டு. இறந்த மாட்டின் தோலை உரித்துப் பதனிட்டு, வாழும் மாட்டுக்குப் பட்டையும் வாரும், உழவனுக்குச் செருப்பும், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் சாலும் செய்து கொடுக்கின்ற ஒரு தொழில் அதனுடன் இணைந்தே வளர்ந்தது.

அந்தப் பதனிடும் முறையைச் சற்று நின்று பார்ப்பது தகும். மழைக்குப்பின் ஆவாரைத் தண்டில் நீரோட்டம் மிகுந்திருக்கும்போது பட்டை எளிதில் கழன்று வரும். பெண்களும் சிறுவர்களும் கிளைகளை வெட்டி, தட்டி உரித்து, வெயிலில் உலர்த்தி வைப்பார்கள். பட்டையில் துவர்ப்புப் பொருள் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்குவரை உண்டு. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் ஒட்டிய தசையும் சுரண்டி, சுண்ணாம்பு போகக் கழுவிய பிறகு, பட்டை ஊறல் நிரம்பிய குழியிலோ பானையிலோ இடுவார்கள். கிராமங்களில் இன்னொரு முறையும் உண்டு: தோலையே பைபோல நாரினால் தைத்து, மரக்கிளையிலோ முக்காலிச் சட்டத்திலோ தொங்கவிட்டு, உள்ளே இடித்த பட்டையையும் நீரையும் நிரப்பிவிடுவார்கள். நீர் தோலின் ஊடே கசிந்து சொட்டும். கீழே ஏந்திய பாத்திரத்திலிருந்து அதையே மறுபடி மேலே ஊற்றுவார்கள். சில நாட்களில் பையைத் தலைகீழாக்கி மறுமுனையையும் அப்படியே நனைப்பார்கள். தோல் தன்னைப் பதனிடும் சாற்றுக்குத் தானே பாத்திரமாகின்ற இந்த முறையில் இருக்கும் சிக்கனமும் மதிநுட்பமும் என்னை எப்போதும் வியக்கச் செய்பவை. முடிவில் கடுக்காய் ஊறலும், எண்ணெய்ப் பூச்சும். கடுக்காயைச் சித்தேரி, கல்வராயன் முதலிய மலைகள் தந்தன. ஆவாரையின் மஞ்சட் சாயலும் கடுக்காயின் வெளிர்மையும் கலந்த இளநிறத் தோல் அவ்வாறு கைக்கு வந்தது; அதன்மேல்தான் உளி பேசியது.

இவ்வளவும் செய்தவர்கள் யார்? இன்று அருந்ததியர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மக்களே இப்பகுதியில் பெரும்பாலும் இத்தொழிலை நடத்தினார்கள். மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் சாலில் பொருத்தும், நீர் வெளியேறும் தோற்குழாயாகிய தும்பியைத் தைப்பதும், கிழிந்தால் உடனே வந்து செப்பனிடுவதும் அவர்கள் கடமை. கூலியாக அறுவடைக் களத்தில் தானியம் அளக்கப்பட்டது. கிணற்றுப் பாசனமே உயிராக இருந்த இந்த வறண்ட நாட்டில், கவலையின் தோல் ஒரு நாள் கிழிந்தாலும் பயிர் வாடும். அத்தகைய இன்றியமையாத தொழிலைச் செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தி, அவர்கள் தைத்த செருப்பை அவர்களே தெருவில் அணிந்து நடக்கக் கூடாதென்று விதித்த சமூகம் நம்முடையது. மணிவரியின் அழகைப் பேசுகின்ற எவரும் இதனைச் சொல்லாமற் கடந்துபோவது நீதியன்று. கோயிற்சிற்பியின் பெயரை நாம் தேடித் தேடிப் போற்றுகிறோம். தோலில் அதே வரியை அதே கண்ணளவோடு இழைத்தவனைக் கலைஞன் என்று அழைக்கக்கூட நமக்கு மனம் வந்ததில்லை. தருமபுரிக் கோட்டைக் கோயிலின் அடித்தளத்திலே இராமாயணக் காட்சிகளைச் செதுக்கியவருக்கும் இவருக்கும் இடையே, கல் நின்றது, தோல் மக்கியது என்பதைத் தவிர வேறு தாழ்வு உயர்வு எனக்குத் தெரியவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் ஊர்த்தொழில் உலகச் சந்தைக்குள் இழுக்கப்பட்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல், பாதி பதனிட்ட நிலையில் கப்பலேறி இலண்டன் சந்தைக்குப் போய், அங்கே மெருகேறியது. 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரே அதற்கு ஏற்பட்டுவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய பாலாற்றங்கரை ஊர்களிலும், திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் பதனிடும் கூடங்கள் பெருகின. சென்னைப் பெரியமேடு தோல் வாணிகத்தின் கேந்திரமாயிற்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில், அந்நாளில் தருமபுரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லா மிகக் கொடுமையாக வாடியது. தீவனமும் நீருமின்றி மாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. துறைமுகத்தில் தோல் ஏற்றுமதிக் கணக்கு மட்டும் ஏறியது. உழவனின் நாசம் வணிகனின் பேரேட்டில் வரவாகப் பதிந்த காலம் அது. ஊர்த் தொழிலாளியிடம் வந்துகொண்டிருந்த தோல் தரகனிடம் போகத் தொடங்கியதும், மேட்டு நிலத்து ஆவாரை விறகுச்சுமைபோல மூட்டைகட்டி விற்கும் சரக்கானதும் இந்த ஏற்றுமதியின் விளைவுகளே.  

இனி உலோக உப்பின் கதை. குரோமிய உப்பால் தோலைப் பதனிடலாமென்று 1858-இலேயே ஜெர்மானிய இரசாயன அறிஞர் நாப் காட்டியிருந்தார். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதனைத் தொழிலாக்கும் உரிமம் பெற்றார். 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதனை இன்னும் சுருக்கினார். பட்டைக்குழியில் வாரக்கணக்காகக் கிடக்க வேண்டிய தோல் ஒன்றிரண்டு நாட்களில் முடிந்துவிடும் என்றால் எந்த முதலாளிதான் மயங்கமாட்டார்? சென்னையில் அதனை முதன்முதலாக ஊன்றியவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன். சென்னைப் பொறியியற் கல்லூரியின் ஆசிரியராக வந்து, கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்த அவர், 1903-இல் குரோமியத் தோலில் பரிசோதனை ஆரம்பித்தார். 1904-இல் மாகாணத்தின் தோற்றொழிலைப் பற்றி அவர் எழுதிய நூலும் வெளிவந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அப்பரிசோதனைகளில் அவர் கருத்திற் கொண்ட பொருள்களுள் உழவனின் கவலைச் சாலும் ஒன்று என்பது. பட்டைத்தோல் ஓயாமல் நீரில் நனைந்தால் துவர் கரைந்து நைந்துவிடும். குரோமியத்தோல் நீரைத் தாங்கும். உழவனுக்கு உதவ வேண்டுமென்ற நல்லெண்ணத்தை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் நீரைத் தாங்கும் அக்குணமே உளியை மறுக்கும் குணமுமாகும். குரோமியத்தோல் மெத்தென்று, மீள்சக்தியோடு இருக்கிறது. நனைத்து அழுத்தினாலும், அழுத்தம் நீங்கியவுடன் நிமிர்ந்துவிடுகிறது. எவ்வளவு தேர்ந்த கை தட்டினாலும் மணி எழும்பி நில்லாது. கைத்தொழிலாளியின் கருவியை எவரும் பறிக்கவில்லை. கருவி கேட்கின்ற தோலை மட்டும் உலகம் மாற்றிக்கொண்டது.

முதல் உலகப்போர் பட்டைத்தோலுக்குச் சிறிதுகாலம் மறுவாழ்வு தந்தது. படைவீரர்களின் காலணிக்கு மேல்தோல் வேண்டியிருந்ததால், 1916 முதல் பதனிட்ட மாட்டுத்தோலை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. தேவை பெருகப் பெருக ஆவாரை ஈடுகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தோட்டமிட்டு வளர்க்கப்பட்ட வாட்டில் மரத்தின் பட்டை கப்பலில் வந்து இறங்கியது. ஆவாரையைப் போல ஏறத்தாழ இருமடங்கு துவர்ப்பு அதில் உண்டு. மேடெல்லாம் அலைந்து பறிக்க வேண்டியதுமில்லை. தருமபுரியின் செடி தன் சொந்தத் தொழிலிலேயே படிப்படியாக இரண்டாம் இடத்துக்கு வந்தது. விடுதலைக்குப்பின் 1948-இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், நாயுடம்மா போன்ற அறிஞர்களின் தலைமையில் தொழிலை விஞ்ஞானமாக்கியது. அதே காலத்தில் கிணறுகளில் எண்ணெய் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஏற, கவலைச் சால் ஓய்வுபெற்றது. சாலோடு ஊர்த் தோற்றொழிலின் முதன்மையான வருவாயும் போயிற்று. ரப்பர்ச் செருப்பு வந்தபின் மிச்சமிருந்ததும் போயிற்று. அலங்காரம் எக்காலத்திலும் தனியாகச் சோறு போட்டதில்லை. சாலும் வாரும் அன்றாடம் சோறு போட்டதனால்தான், திருவிழாச் செருப்பில் மணி தட்டுவதற்குத் தொழிலாளிக்குப் பொழுது இருந்தது.

குரோமியத்தின் வேகத்துக்கு விலையும் இருந்தது. வேலூர் வட்டாரத் தோற்கூடங்களின் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை எதிர்த்து நடந்த வழக்கில், 1996-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. அதற்காகப் பட்டைத்தொழில் மாசற்றது என்று நான் வாதாட வரவில்லை. சுண்ணாம்பும் மயிரும் அதிலும் உண்டு. தொழிலின் இழிவு ஒழிந்ததற்காகவும் நான் வருந்தவில்லை. அருந்ததியர் பிள்ளைகள், 2009-இல் வந்த உள் ஒதுக்கீட்டின் துணையோடும், கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போவதைவிட நல்ல செய்தி வேறில்லை. நான் வருந்துவதெல்லாம், விலங்கை அறுத்தபோது அதனோடு கிடந்த கலையையும் ஒருவரும் குறித்துவைக்கவில்லையே என்பதற்காகத்தான். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அருகே ஒரு கவலைத் தும்பியும், ஓர் ஆலம்பாடிக் காளையின் கழுத்துப் பட்டையும், நுனி குழிந்த நான்கு உளிகளும் வைக்கப்படுமானால், தொறு மீட்டவனோடு தோல் தைத்தவனும் சரித்திரத்தில் இடம்பெறுவான்.

ஆவாரை அழியவில்லை. பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்ந்து வீட்டு முகப்பில் காப்பாக ஏறுகிறது. பூவை உலர்த்திக் கஷாயத்துக்கும் விற்கிறார்கள். பட்டைத்தோலும் முற்றிலும் மறையவில்லை. கிழக்கிந்தியத் தோல் என்ற பழம்பெயர் இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில், பெரும்பாலும் வாட்டிலின் துணைகொண்டு, அது இன்னும் செய்யப்படுகிறது. மணிவரி பழக விரும்புகிற இளைஞர் எவரேனும் இருப்பாராயின், உளியைத் தேடுமுன் தோலைத் தேட வேண்டும். கடையில் பளபளப்பாக விற்பதில் பெரும்பகுதி குரோமியத்தோலே. ஒரு துண்டை வாங்கி நனைத்து, ஈரம் உள்ளிறங்கும் வரை பொறுத்திருந்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கட்டும். காய்ந்த பிறகும் தடம் நின்றால் அது பட்டைத்தோல், அதில் தொடங்கலாம்.